ஏற்றினாரா, இறக்கினாரா

காலையில் கண் திறப்பதற்கு முன்பே ஒட்டகத்தை அவருடைய முதுகு எழுப்பிவிடும். இடுப்புக்குச் சற்று மேலே, வலது பக்கம், யாரோ ஆணி அடித்துவிட்டுச் சுத்தியலையும் அங்கேயே போட்டுவிட்டுப் போன மாதிரி ஒரு வலி. எழுந்திருக்க முதலில் பக்கவாட்டில் உருள வேண்டும். பிறகு முழங்கால் போட வேண்டும். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, சுவரிடம் மன்னிப்புக் கேட்கிறவரைப் போலக் கொஞ்ச நேரம் தலைகுனிந்து நிற்க வேண்டும். அதற்கப்புறமும் முழுசாக நிமிர முடியாது. சிமெண்ட் கிடங்கில் அவரோடு மூட்டை தூக்கியவர்கள் அவருக்கு ஒட்டகம் என்று பேர் வைத்தது அதனால்தான். பேர் வைத்து ரொம்ப காலம் ஆகிவிட்டது. அவர் மனைவியே கடையில் "ஒட்டகம் வீட்டிலேருந்து வந்திருக்கேன்" என்றுதான் சொல்லுவாள்.

ஒட்டகத்துக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒரு முக்காலி.

கிடங்கு வாசலில் லாரிகளை எடை போடும் மேடை உண்டு. மேடைக்குப் பக்கத்தில் அந்த முக்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர், லாரி மேடையில் ஏறியதும் கையைத் தூக்க வேண்டும். எடை பார்த்து முடிந்ததும் கையை இறக்க வேண்டும். வேறு எதையும் தூக்கவோ இறக்கவோ வேண்டாம். வேலையில் முதுகு போனவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் அது. முன்பு உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து ஒரு பூனை அதில் தூங்கிக்கொண்டிருந்தது. பூனையிடம் யாரும் சான்று கேட்கவில்லை. ஒட்டகத்திடம் கேட்டார்கள்.

நலவாரிய அதிகாரி நல்ல மனிதர். ஒட்டகம் போகும்போதெல்லாம் நாற்காலி கொடுத்து உட்காரச் சொல்வார். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் ஒட்டகம் நின்றுகொண்டே பேசுவார். முதுகு போனது வேலையில்தான் என்பதற்கு மதிப்புள்ள ஒருவர் நேரில் பார்த்த சாட்சி வேண்டும் என்பது விதி.

"முதுகு வலிக்குதுன்னு முதுகே சொன்னா நாங்க ஏத்துக்க முடியாதுங்க. வேற யாராவது சொல்லணும்" என்பார் அதிகாரி.

மதிப்புள்ள சாட்சி ஒருவர் இருந்தார். அவர்தான் தலைவர். அவரை நெருங்கத்தான் ஒட்டகத்தால் முடிந்ததில்லை.

பல வருடங்களுக்கு முன்னால், தேர்தல் சமயத்தில், தலைவர் கிடங்குக்கு வந்தார். தொழிலாளியோடு தொழிலாளியாக ஒரு படம் வேண்டும் என்றார்கள். ஒட்டகம் அப்போது ஒட்டகமாகவில்லை; நிமிர்ந்த ஆள். முதுகில் மூட்டையோடு லாரிக்குப் போட்ட சாய்வுப் பலகையில் பாதி ஏறிக்கொண்டிருந்தார். தலைவரும் பின்னாலேயே பலகையில் ஏறினார். புதுச் செருப்பு. சிமெண்ட் தூள் படிந்த பலகை. கால் வழுக்கியதும் தலைவர் கைக்கு அகப்பட்டதைப் பிடித்தார். அகப்பட்டது மூட்டை. இரண்டு காலும் அந்தரத்தில் ஆட, தலைவர் ஒட்டகத்தின் முதுகிலிருந்த மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். உள்ளே ஏதோ விறகு முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. அது பலகை இல்லை.

"தம்பி, விட்டுடாத. கேமரா இருக்கு" என்று தலைவர் காதுக்குள் சொன்னார். "உனக்கு ஒரு மூட்டை கடன்பட்டிருக்கேன்யா. ஒருநாள் நானே வந்து தூக்கித் தர்றேன்."

மறுநாள் பத்திரிகைகளில் படம் வந்தது. கீழே ஒரு செருப்பு மட்டும் தனியாகப் பறந்துகொண்டிருந்ததால், முழங்காலுக்குக் கீழே வெட்டியிருந்தார்கள். மிச்சம் இருந்தது இவ்வளவுதான்: குனிந்த ஒரு முதுகு, அதன்மேல் ஒரு மூட்டை, மூட்டையின்மேல் தலைவரின் இரண்டு கைகள், தலைவர் முகத்தில் ஆழ்ந்த உணர்ச்சி. ஏற்றுகிறாரா, இறக்குகிறாரா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தப் படம்தான் தலைவரின் மிகப் புகழ்பெற்ற படம்.

அந்தத் தலைவர் ஒருநாள் காலையில் எண்பத்தெட்டு வயதில் இறந்துபோனார். ஒட்டகம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது கிடங்கு மேஸ்திரி வாசலில் வந்து, "யோவ், உன் சாட்சி போயிட்டாருய்யா" என்று செய்தி சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் தெருமுனையில் ஒரு கார் திரும்பியது. படத்திலிருந்த முதுகைத் தேடி வந்த தொலைக்காட்சிக்காரர்கள்.

மனைவி சட்டையை எடுத்துக் கொடுத்தாள். "என்ன வேணா கேக்கட்டும். நீங்க முக்காலி பத்திச் சொல்லிடுங்க" என்றாள்.

ஒட்டகத்துக்கும் அதுதான் எண்ணம். தலைவர் தொங்கினார், முதுகு முறிந்தது என்று ஒரே ஒரு வரி தொலைக்காட்சியில் வந்துவிட்டால் போதும். அதைவிட மதிப்புள்ள சாட்சி எங்கே கிடைக்கும்?

பெரிய சாலையில் கண்ணாடி போட்ட கட்டடம். அதன் மேல்மாடியில் இருந்த தொலைக்காட்சி தலைவரின் கட்சிக்கு வேண்டியது. கீழ்மாடியில் இருந்தது எதிர்க்கட்சிக்கு வேண்டியது. கட்டடம் முழுவதும் ஒருவருக்கே சொந்தம். அவருக்கு இரண்டு கட்சியும் வேண்டியது. லிஃப்ட் பழுதாகியிருந்தது. ஒட்டகம் தன் முதுகைத் தானே சுமந்துகொண்டு மேல்மாடி ஏறினார்.

மேல்மாடியில் எல்லோரும் கறுப்பு உடுத்தியிருந்தார்கள். செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு ஒருவர் கண்ணுக்குக் கீழே மை தடவி, அழுதால் எந்த வழியாக ஓடும் என்று சோதித்துக்கொண்டிருந்தார். இடது பக்கம் ஓடினால் விளம்பரத்தை மறைக்கும் என்று இன்னொருவர் கவலைப்பட்டார். துக்கப் பிரிவு ஆசிரியர் என்று ஒருவர் வந்து ஒட்டகத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது. ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்காக ஈரத்துணி ஒன்றைத் தொட்டுக்கொண்டுதான் வருவாராம்.

அங்கே ஒரு திரையில் பாலம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் ஆட்சியில் கட்டிய பாலம். அதன்மேல் குழந்தைகள் ஓடி வருகிறார்கள், தலைவர் கையசைக்கிறார், படம் நிற்கிறது. மறுபடி குழந்தைகள், கையசைப்பு, நிறுத்தம். அந்தப் பாலம் இடிந்து விழுந்தது ஒட்டகத்துக்குத் தெரியும். விழுந்ததற்கு மறுநாள் புதுப் பாலத்துக்கு மூட்டை ஏற்றியதே அவர்தான். விழுவதைக் காட்ட மாட்டீர்களா என்று வெள்ளந்தியாகக் கேட்டார்.

ஆசிரியர் கோபப்படவில்லை. "ஐயா, நாங்க பொய் சொல்றதே இல்லை. அந்தப் பழக்கமெல்லாம் கீழ்மாடியில. உண்மையை எந்த இடத்துல நிறுத்தணும்னு மட்டும் பாத்துக்குவோம்" என்றார்.

பிறகு படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒட்டகம் நடந்ததைச் சொன்னார். பலகை, செருப்பு, தொங்கியது, விறகு முறிந்த சத்தம் எல்லாவற்றையும் சொன்னார். ஆசிரியர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, சொன்னதில் ஒரே ஒரு திருத்தம்தான் என்றார். தலைவர் தொங்கவில்லை, சாய்ந்தார். அவர்கள் கட்சியில் யாரும் விழுவது இல்லை, அன்பு மிகுதியால் சாய்வதுதான் வழக்கம். சாய்ந்தது எதற்கு? மூட்டையை இறக்குவதற்கு. ஆக, தொழிலாளியின் பாரத்தை இறக்கி வைத்த கைகள்.

"அப்ப என் முதுகு வலிங்க?"

"இருக்கத்தான் செய்யும். பிரிவோட வலி அது. இன்னிக்குக் காலையிலதானே ஆரம்பிச்சுது?"

"இல்லீங்க, பல வருஷமா..."

"அப்ப நீங்க முன்னாடியே உணர்ந்திருக்கீங்க" என்று சொல்லி ஆசிரியர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

கேமராவுக்கு முன்னால் ஒட்டகத்தை நிற்க வைத்தார்கள். அவர் வாயைத் திறந்து "முக்காலி" என்று ஆரம்பித்ததும் இசை கூடிவிட்டது. குனிந்து நின்ற உருவத்தின் கீழே 'பயனாளி' என்று எழுத்து ஓடியது. சொல்லப்போனால் அந்தக் குனிவுதான் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இத்தனை பணிவான துக்கத்தை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

கீழே இறங்கும்போது கேமராக்காரரும் கூடவே இறங்கினார். வயதான ஆள். படியில் வைத்துக் கறுப்புச் சட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மஞ்சள் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டார். எங்கே போகிறீர்கள் என்று ஒட்டகம் கேட்டதற்கு, கீழ்மாடிக்கு என்றார், அங்கேயும் அவர்தான். "வாங்க, அடுத்தது உங்களைத்தான் எடுக்கணும்" என்று கதவைத் திறந்துவிட்டார்.

கீழ்மாடியில் வெளிச்சம் அதிகம். மேசைகளின் மேல் பிஸ்கட்டும் டீயும் இருந்தன. யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் ஒரு பாலம் ஓடிக்கொண்டிருந்தது. தலைவரின் கை அசைவது முடியும் இடத்தில் படம் ஆரம்பிக்கிறது, பாலம் விழுகிறது, தூசி எழும்புகிறது, நிற்கிறது. மறுபடி பாலம் விழுகிறது. அதே படச்சுருள்தான், கையசைக்கிற வரை அவர்களுக்கு, அதற்கப்புறம் இவர்களுக்கு என்று கேமராக்காரர் விளக்கினார்.

கீழ்மாடியின் செய்தி ஆசிரியை கண்ணாடி போட்ட சுறுசுறுப்பான பெண். மேல்மாடிக்காரர்கள் பொய்யர்கள் என்று அவர் சொல்லவில்லை. "அவங்க அவசரக்காரங்க. பாலம் விழற வரைக்கும் பொறுமையா உக்காந்து பாக்க மாட்டாங்க" என்றார். பாலம் கட்டும் முன்பு அங்கே மக்கள் ஆற்றில் நீந்திப் போன கதையைக் காட்டுவீர்களா என்று ஒட்டகம் கேட்டார். அவ்வளவு தூரம் பின்னால் போக நேரம் இல்லை என்றார் ஆசிரியை.

முதுகு என்ற பேச்சை எடுத்ததும் ஆசிரியை எழுந்தே நின்றுவிட்டார். எந்த இடத்தில், எவ்வளவு வலி, குனிய முடியுமா, தூக்கம் வருமா என்று துருவித் துருவிக் கேட்டார். நலவாரியத்தில்கூட இப்படி யாரும் கேட்டதில்லை. ஒட்டகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. முக்காலி இதோ வந்துவிட்டது, பூனையை மட்டும் எழுப்பினால் போதும் என்று நினைத்தார். நடந்தது முழுவதையும் மறுபடி சொன்னார்.

வழுக்கிய இடம் வந்ததும் ஆசிரியையின் பேனா நின்றது.

"வழுக்கினாரா?"

"ஆமாங்கம்மா. புதுச் செருப்பு."

"அது வேணாங்க. வழுக்கினாருன்னா விபத்தாயிடும். விபத்துன்னா ஐயோ பாவம்னு தோணும். செத்த அன்னிக்கு ஐயோ பாவம்னு தோணிடுச்சுன்னா, அதைத் துடைக்க எங்களுக்கு ஒரு தேர்தல் ஆகும்."

ஆகையால் தலைவர் வழுக்கவில்லை. நின்று, யோசித்து, திட்டம் போட்டு ஏற்றினார். ஏற்கனவே மூட்டை இருந்த முதுகில் இன்னொரு மூட்டை ஏற்றினார். உண்மையில் அது மூட்டையும் இல்லை, வரிச்சுமை. ஒட்டகம் குறுக்கிட்டு, அது சிமெண்ட் என்றார். அதை உருவகம் என்று சொல்வார்கள் என்றார் ஆசிரியை. உருவகம் இவ்வளவு கனக்குமா என்று ஒட்டகம் கேட்கவில்லை, கேட்க நினைத்தார்.

கடைசியாகத் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, நலவாரியத்துக்கு இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் முக்காலி கிடைக்கும் என்றார். ஆசிரியை அவரை அன்போடு பார்த்தார். "முக்காலி கிடைச்சு நீங்க உக்காந்துட்டா, அப்புறம் உங்களை யாருன்னு காட்டறது? நீங்க இப்படியே இருங்க. இப்படி இருக்கறதுதான் எங்களுக்குப் பலம்" என்றார்.

'பாதிக்கப்பட்டவர்' என்று எழுத்து ஓடியது. குனிவு அங்கேயும் ரொம்பப் பிடித்துப்போனது. இத்தனை கொடுமையான குனிவை அவர்கள் பார்த்ததே இல்லையாம்.

வீட்டில் மனைவி இரண்டையும் பார்த்திருந்தாள். அடுத்த வீட்டுக்காரி ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு, தலைவர் வீட்டிலிருந்து என்னென்ன கொடுத்தார்கள் என்று கேட்க வந்தாள். எதிர்வீட்டுக்காரர் மற்றொன்றைப் பார்த்துவிட்டு, இத்தனை கொடுமையை வெளியே சொல்லாமல் இருந்தாயே என்று திட்ட வந்தார். இருவரும் வாசலிலேயே சண்டை போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள்.

"ரெண்டுலயும் உங்க முதுகுதான் தெரிஞ்சுது. முகத்தைக் காட்டவே இல்லை" என்றாள் மனைவி. தைலத்தை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டே, "முக்காலி?" என்றாள்.

நலவாரிய அதிகாரியும் இரண்டையும் பார்த்திருந்தார். பொறுப்பான மனிதர். மேல்மாடி சொல்வதுபோல் தலைவர் பாரத்தை இறக்கியிருந்தால் முதுகுக்கு நன்மைதான் நடந்திருக்கிறது, அதற்கு முக்காலி கிடையாது. கீழ்மாடி சொல்வதுபோல் வேண்டுமென்றே ஏற்றியிருந்தால் அது வேலையில் நேர்ந்த விபத்து ஆகாது, அடிதடி, காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும். குற்றவாளி இறந்துவிட்டதால் அங்கேயும் எடுக்க மாட்டார்கள். இரண்டு பக்கமும் சாயாத யாராவது சொன்னால் பரிசீலிக்கலாம் என்றார்.

அப்படி ஒரு தொலைக்காட்சியும் அதே கட்டடத்தில் இருந்தது. மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் நடுவே படிக்கட்டு திரும்பும் இடத்தில், ஒரு மேசையும் மூன்று நாற்காலியும் போட்டு நடுநிலைத் தொலைக்காட்சி நடந்துகொண்டிருந்தது. யாராவது மாடி ஏறினால் நெறியாளர் முழங்காலை ஒதுக்கி வழி விடுவார். இறங்கினால் இன்னொரு பக்கம் ஒதுக்குவார். அதில் அவர் பாரபட்சம் காட்டியதே இல்லை.

விவாதத்துக்கு மேல்மாடியிலிருந்து ஒருவரும் கீழ்மாடியிலிருந்து ஒருவரும் வந்தார்கள். நடுவில் ஒட்டகம். அவர் பேருக்குக் கீழே 'தொடர்புடைய நபர்' என்று போட்டார்கள். அதே கேமராக்காரர், இந்த முறை சாம்பல் நிறச் சட்டையில்.

மூட்டை என்று ஒன்று இருந்தது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்வதாக நெறியாளர் அறிவித்தார்; இது பெரிய முன்னேற்றம் என்றார். பிறகு தெளிவுக்காக ஒரு மூட்டையை வரவழைத்து ஒட்டகத்தின் முதுகில் வைத்தார்கள். மேல்மாடிக்காரர் தலைவர் இப்படித்தான் இறக்கினார் என்று மூட்டையை மேலே தூக்கினார். கீழ்மாடிக்காரர் இப்படித்தான் ஏற்றினார் என்று கீழே அமுக்கினார். தூக்குவதும் அமுக்குவதுமாக இருவரும் நாட்டின் நிலைமையைப் பற்றிப் பேசினார்கள். நேயர்கள் வாக்களிக்கலாம் என்று திரையில் எண்கள் ஓடின. ஒட்டகத்தின் முதுகு எந்த நிமிடம் எந்தப் பக்கம் வெல்கிறது என்பதை எண்களைப் பார்க்காமலே உணர்ந்துகொண்டிருந்தது.

ஒரு மூச்சு கிடைத்தபோது ஒட்டகம் சொல்லிவிட்டார்: "ஏத்தவும் இல்லைங்க, இறக்கவும் இல்லைங்க. அவர் தொங்கினாரு."

இருவரும் கையை எடுத்தார்கள். நெறியாளர் கேமராவை நிறுத்தச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, வருத்தத்தோடு பேசினார்.

"பெரியவரே, இது மூணாவது கருத்து. நாங்க நடுநிலைங்க. ரெண்டு பக்கம் இருந்தாத்தான் நடுவுன்னு ஒண்ணு இருக்கும். மூணாவதா ஒண்ணை நீங்க கொண்டு வந்து போட்டா, நாங்க எங்கங்க போய் நிக்கிறது?"

"நடந்தது அதானுங்க."

"நடந்திருக்கலாம். அதுக்கு எங்ககிட்ட நாற்காலி இல்லை."

நிகழ்ச்சி மறுபடி ஆரம்பித்தது. ஒட்டகத்தின் மைக்கை அணைத்திருந்தார்கள். முதுகை அணைக்கவில்லை.

அவர் இறங்கும்போது கேமராக்காரர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "அன்னிக்குக் கிடங்குல படம் எடுத்ததும் நான்தாங்க" என்றார். ஒட்டகம் படியில் நின்றுவிட்டார். அப்படியானால் செருப்பு பறந்தது உங்களுக்குத் தெரியுமே என்று கேட்டார். தெரியும், நல்ல செருப்பு என்றார் கேமராக்காரர். நலவாரியத்தில் வந்து சொல்வீர்களா என்றதற்கு ரொம்ப நேரம் யோசித்தார். "எந்தச் சட்டையில வந்து சொல்றதுன்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார். அதற்கான சட்டை அவரிடம் இருந்திருக்க வேண்டும், பை அவ்வளவு பெரியது. ஆனால் அவர் வரவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். இரண்டு கட்சிகளும் கூட்டணி வைத்துக்கொண்டன.

கீழ்மாடியில் விளக்குகளைக் குறைத்தார்கள். பிஸ்கட் மறைந்தது. இத்தனை நாள் நாங்கள் அதிர்ச்சியில் இருந்தோம், இப்போதுதான் அழுகை வருகிறது என்று ஆசிரியை திரையில் தோன்றிச் சொன்னார். துக்கத்துக்கு வேண்டிய சரக்கு அவர்களிடம் இல்லை. மேல்மாடியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று உடன்பாடு. பெட்டி பெட்டியாகக் குழந்தைகள் ஓடும் பாலங்களைக் கீழே இறக்க வேண்டும். பாலம் விழும் பெட்டிகளைக் கட்டடத்துக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட வேண்டும். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. சுமை தூக்க ஆள் வேண்டும் என்று கிடங்குக்குச் சொல்லியனுப்பினார்கள். மேஸ்திரி ஒட்டகத்தை அனுப்பினார். அவருக்குத்தான் அந்தக் கட்டடத்தில் வழி தெரியும்.

இறந்த ஒருவரைப் பற்றி நாடு எதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், எதையெல்லாம் மறக்க வேண்டும் என்பதை ஒட்டகம் ஒரு பகல் முழுவதும் முதுகில் வைத்து இறக்கினார். மறக்க வேண்டியது கொஞ்சம் கூடுதல் கனமாக இருந்ததாக மனைவியிடம் சொன்னார். பாலம் பற்றிய சிக்கலையும் அன்று மாலைக்குள் தீர்த்துவிட்டார்கள். பாலம் விழவில்லை, ஆறுதான் தன் எல்லையை மீறி உயர்ந்தது என்று இரண்டு மாடிகளும் சேர்ந்து அறிவித்தன. நடுநிலைத் தொலைக்காட்சிக்குத்தான் கஷ்டம். இரண்டு பக்கமும் ஒரே பக்கமாகிவிட்டதால் நடு எது என்று தெரியாமல், நெறியாளர் சில நாள் வானிலை அறிக்கை வாசித்தார்.

கூட்டணியின் முதல் காரியம் தலைவருக்குச் சிலை. அந்தப் புகழ்பெற்ற படத்தை அப்படியே சிலையாகச் செய்வது, சிமெண்ட் கிடங்கு வாசலிலேயே வைப்பது என்று முடிவானது. முடிவான அன்றே பழைய தகராறு மறுபடி தலைதூக்கியது. ஏற்றுகிறார் என்று செய்தால் மேல்மாடிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இறக்குகிறார் என்று செய்தால், இத்தனை நாள் நீங்கள் சொன்னது என்ன ஆயிற்று என்று யாராவது கீழ்மாடியைக் கேட்கலாம். குழு கூடியது, கலைந்தது, கூடியது. கடைசியில் துக்க ஆசிரியர்தான் வழி கண்டுபிடித்தார்.

"யோசிச்சுப் பாருங்க. தலைவரால பிரச்சினை இல்லை. மூட்டையால பிரச்சினை இல்லை. பிரச்சினை எல்லாம் நடுவுல இருக்கிற அந்த முதுகாலதான். முதுகை எடுத்துட்டா ஒற்றுமை வந்துடும்" என்றார்.

கீழ்மாடி ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவ்வளவு தெளிவாக யாரும் சிந்தித்ததில்லை என்றார்.

முதுகு இல்லாமல் சிலை தயாரானது. தலைவர் நிற்கிறார், கைகளை முன்னால் நீட்டியிருக்கிறார், கைகளில் ஒரு மூட்டை, கீழே காற்று. ஏற்றுகிறார் என்பவருக்கு ஏற்றுகிறார், இறக்குகிறார் என்பவருக்கு இறக்குகிறார். ஒரே ஒரு குறை: சிலை நிற்கவில்லை. மூட்டையின் கனம் தலைவரை முன்னால் இழுத்துக் குப்புறத் தள்ளியது. கீழே ஏதாவது முட்டுக் கொடுத்தால்தான் நிற்கும் என்றார் சிற்பி. இரும்புத் தூண் வைக்கலாமா என்றால், தலைவருக்கே முட்டுக் கொடுக்க வேண்டிய நிலை என்று பேச்சு வரும். திறப்பு விழாவோ மறுநாள்.

மேஸ்திரி ஒட்டகத்தைத் தேடி வந்தார். சிலை நிறத்தில் ஒரு துணியைப் போர்த்திக்கொண்டு மூட்டைக்கு அடியில் குனிந்து நிற்க வேண்டும், விழா முடியும் வரை. "உனக்குக் குனியச் சொல்லித் தரணுமா என்ன" என்றார்.

ஒட்டகம் முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது மேஸ்திரி விருந்தினர்கள் பேரைச் சொன்னார். நலவாரிய அதிகாரியும் வருகிறார், முன்வரிசையில். ஒட்டகம் வாயை மூடிக்கொண்டார்.

அன்று மனைவியிடம் அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே கிடங்கு. அதே தலைவர். அதே மூட்டை. அடியில் அதே முதுகு. மதிப்புள்ள ஒருவர் நேருக்கு நேர் உட்கார்ந்து பார்க்கப் போகிறார். இதைவிடச் சாட்சி உண்டா? மனைவி மிச்சமிருந்த தைலம் முழுவதையும் ஊற்றித் தேய்த்தாள்.

மறுநாள் ஒட்டகம் துணிக்கு அடியில் நின்றார். சிலையை மெல்ல நகர்த்தி மூட்டையை அவர் முதுகில் பதிய வைத்தார்கள். இடுப்புக்குச் சற்று மேலே, வலது பக்கம், இடம் மாறாமல் வந்து உட்கார்ந்தது. தலைவர் முழுசாகச் சாய்ந்தார். ஒட்டகத்துக்குப் பழைய பழக்கம் திரும்ப வந்த மாதிரி இருந்தது. காதுக்குப் பக்கத்தில் தலைவரின் முகம். இந்த முறை அது ஒன்றும் பேசவில்லை.

மூன்று தொலைக்காட்சிகளும் ஒன்றாக ஒளிபரப்பின. கேமராக்காரர் கோடு போட்ட சட்டை ஒன்றில் வந்திருந்தார். எல்லா நிறமும் அதில் இருந்தது. சிலையைத் திறக்க வந்த கூட்டணிப் பெரியவருக்கு, தலைவரை மூடியிருந்த திரைத்துணியை இழுக்கக் கை எட்டவில்லை. யாரோ ஓடிப்போய் எடைமேடையிலிருந்து முக்காலியைக் கொண்டுவந்தார்கள். பூனை எழுந்து போனது. பெரியவர் முக்காலியில் ஏறி நின்று, தலைவர் தன் வாழ்நாளில் யார்மீதும் சாய்ந்ததில்லை என்று பேசினார். நீளமாகப் பேசினார். ஒட்டகத்துக்குக் கண்ணுக்கு நேரே முக்காலியின் மூன்று கால்களும் பெரியவருடைய இரண்டு கால்களும் மட்டும் தெரிந்தன. வேர்வை மூக்கு நுனியில் சேர்ந்து ஒவ்வொரு சொட்டாக அந்த முக்காலியின் காலடியில் விழுந்தது.

விழா முடிந்து எல்லோரும் சிலையைச் சுற்றி வந்தார்கள். நலவாரிய அதிகாரி குனிந்து, துணியைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தார்.

"அட, நீங்களா?"

"நானேதானுங்க. பாருங்க, அன்னிக்கு இப்படித்தான். நல்லா பாத்துக்கங்க."

அதிகாரி நன்றாகவே பார்த்தார். மூட்டையைத் தட்டிப் பார்த்தார். சிலையை அசைத்துப் பார்த்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறீர்கள் என்று விசாரித்தார். அவர் முகம் மலர்ந்தது.

"இத்தனை நாளா சாட்சி இல்லாமத்தான் உங்க விஷயத்துல ஒரு முடிவு எடுக்க முடியலை. இப்ப நானே கண்ணால பாத்துட்டேன். இவ்வளவு கனத்தை அசையாம தாங்கறீங்க. உங்க முதுகுக்கு ஒரு குறையும் இல்லைங்க" என்றார். சொல்லிவிட்டு மனதாரக் கைகுலுக்க வந்தார். ஒட்டகத்தின் இரண்டு கைகளும் மூட்டையில் இருந்ததால் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்ததும் ஒட்டகத்தை வெளியே எடுக்க வேண்டியிருந்தது. அவர் நகர்ந்தால் தலைவர் விழுவார். மேஸ்திரி சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்தில் முக்காலி இருந்தது. அதன்மேல் நாலு செங்கலை அடுக்கி மூட்டைக்கு அடியில் தள்ளினார்கள். கச்சிதமாகப் பொருந்தியது. முக்காலியும் செங்கலும் தெரியாமல் இருக்கச் சுற்றி சிமெண்ட் பூசிவிட்டார்கள். அதற்கான மூட்டையை ஒட்டகம்தான் தூக்கி வந்து போட்டார்.

இப்போது கிடங்குக்கு வருகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சிலையைக் காட்டி, இவர் யாருடைய உதவியும் இல்லாமல் நின்றவர் என்று சொல்லித் தருகிறார்கள். பூனை மூட்டையின்மேல் ஏறித் தூங்குகிறது. லாரி வந்தால் கையைத் தூக்க ஆள் இல்லாததால், சிலையின் கை இருக்கிற திசையைப் பார்த்து ஓட்டுநர்களே ஏறிக்கொள்கிறார்கள்.

விழா முடிந்த அன்று வீட்டுக்குப் போனபோது மனைவி, "முக்காலி?" என்று கேட்டாள். தலைவருக்குக் கொடுத்துவிட்டார்கள் என்றார் ஒட்டகம். அவள் காலித் தைலப் புட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, உள்ளங்கையில் ஏதாவது விழுகிறதா என்று பார்த்தாள்.

தினமும் காலையில் ஒட்டகம் மூட்டையோடு சிலையைக் கடந்துதான் லாரிக்குப் போக வேண்டும். கடக்கும்போது ஒரு நொடி நின்று மூச்சு வாங்கிக்கொள்வார். பார்க்கிறவர்கள் அஞ்சலி செலுத்துகிறார் என்று நினைக்கிறார்கள். மேல்மாடியில் அதை ஒருமுறை காட்டினார்கள், கீழ்மாடியிலும் காட்டினார்கள். அவர் பார்ப்பது அந்த இரண்டு கைகளைத்தான். கைகள் நீட்டியபடி இருக்கின்றன, தயாராகத்தான் இருக்கின்றன.

கிடங்குக் கதவிலிருந்து லாரி வரைக்கும் ஒரு சிமெண்ட் மூட்டை. தலைவர் அவருக்குத் தூக்கித் தர வேண்டியது. இன்னும் தரவில்லை.